பன்றிக்காதும் பாலாகும் களிம்பும்

என்னை ஒரு ஊரே சேர்ந்து அடித்திருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் "ஐயோ பாவம்" என்பதில்லை. "நீ என்ன பேசினே?" என்றுதான் கேட்கிறார்கள். குற்றம் என் வாயிலிருந்துதான் கிளம்பியிருக்கும் என்பதில் என்னைத் தெரிந்த எவருக்கும் சந்தேகமே கிடையாது. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். மல்லசமுத்திரத்துக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கிறது. இன்னொரு முறை வாங்கிக்கொள்ள உடம்பில் இடமில்லை.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளன். கண்ணாடிச் சாமான் கழுவுவது, தராசைத் துடைப்பது, மாணவர்கள் உடைத்ததை யார் உடைத்தது என்று கண்டுபிடிக்காமல் இருப்பது, இவை என் வேலை. அங்கே ஒரு ஆராய்ச்சி மாணவி ஒரு களிம்பு செய்துகொண்டிருந்தாள். களிம்பு என்றால் அவளுக்குக் கோபம் வரும். "நானோ ஜெல்லுங்கண்ணா" என்பாள். கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பஞ்சு உருண்டைகள் தண்ணீரில் மிதப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ச்சியில் அவை தண்ணீரையும் மருந்தையும் குடித்து உப்பிக் கிடக்கும். முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் போதும், சட்டென்று சுருங்கிக் குடித்ததையெல்லாம் கக்கிவிடும். வீங்கிய முழங்காலில் தடவினால் அந்த வீக்கத்தின் சூட்டுக்கே மருந்து இறங்கும். மாத்திரையைப் போல வயிற்றைப் புண்ணாக்கிவிட்டு உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு வராது. அவள் இதை விளக்கியபோதே எனக்கு அந்த உருண்டைகளோடு ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது. கொஞ்சம் சூடு பட்டால் சுருங்கிப்போய் உள்ளே இருப்பதையெல்லாம் கக்குவது என் பிறவிக் குணம்.

அந்த ஜெல்லுக்கு எங்கள் சித்திரை வெயில் ஆகாது. குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்த மாத்திரத்தில், தண்ணீர் மாதிரி இருந்தது குப்பிக்குள் பால் மாதிரி வெளுத்துவிடும். திரும்ப ஐஸில் வைத்தால் தெளியும். நல்ல வேடிக்கை. கல்லூரிக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் நான்தான் செய்து காட்டுவேன். குப்பியைக் கைக்குள் பொத்தி, ஒரு ஊது ஊதி, திறந்தால் பால். கைதட்டுவார்கள். இது நினைவிருக்கட்டும், ஏனென்றால் பிறகு ஒரு முறை யாரும் கைதட்டவில்லை.

ஜெல் இருந்தால் போதாது. அது தோலைத் தாண்டிப் போகிறதா என்று பார்க்கத் தோல் வேண்டும். மனிதத் தோலைக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அதற்கு அடுத்தபடி மனிதனுக்கு மிக நெருங்கிய தோல், பன்றிக் காதின் பின்புறத் தோல். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவே அதை வைத்து இறுக்கி, மேலே ஜெல்லைத் தடவி, கீழே உடம்புச் சூட்டில் உப்புத் தண்ணீரைச் சுழலவிட்டு, எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று அளப்பார்கள். தோல் புதிதாக இருக்க வேண்டும், சூடு பட்டிருக்கக் கூடாது. அதை வாங்கி வருவதும் என் வேலை. ஆட்டையாம்பட்டிக்குப் போகிறவர்கள் முறுக்கு வாங்கி வருவார்கள். நான் அந்தப் பக்கத்து வெண்பன்றிப் பண்ணை ஒன்றில் காது வாங்கி வருவேன்.

அன்று காலை சேலத்தில் ஒரு ஆய்வகத்துக்கு ஜெல்லைக் கொண்டுபோய், உருண்டைகளின் அளவை எந்திரத்தில் பார்த்துவிட்டு, மீதிக் குப்பியோடு திரும்பினேன். வழியில் பண்ணையில் காதுகளை வாங்கினேன். சின்னப் பன்றிகளின் காது. இளசாக இருந்தால்தான் தோல் மெலிசாக இருக்கும். அங்கேயே உட்கார்ந்து கத்தியால் பின்தோலை உரித்து, மயிரைக் கத்தரித்து, அலுமினியத் தாளில் சுற்றினேன். சிலவற்றை முழுசாகவே வைத்துக்கொண்டேன். எல்லாம் வண்டியின் பின்னால் கட்டிய தெர்மோகோல் பெட்டிக்குள் போயின. குப்பியும் கத்தியும் இடுக்கியும் கூடவே. அந்தப் பெட்டி ஒரு காலத்தில் குச்சி ஐஸ் விற்றவரிடமிருந்து கல்லூரி வாங்கியது. பக்கவாட்டில் ஒரு குழந்தை ஐஸ் நக்கிக்கொண்டிருக்கும் படம் அப்படியே இருந்தது.

மதியத்துக்குள் ஐஸ் கரைந்து பெட்டிக்குள் தளும்பியது. ரோட்டோரம் ஒரு டீக்கடை. கூல்டிரிங்ஸ் பெட்டியில் ஐஸ் இருக்கும் என்று நிறுத்தினேன். அந்த வாரம் முழுக்க எல்லோருடைய கைப்பேசியிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் சேலம் ஜில்லாவுக்குள் புகுந்துவிட்டதாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கும் வந்தது. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

கடைக்காரம்மா ஐஸை உடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் வண்டியருகே வந்தாள். ஒன்றாவதோ இரண்டாவதோ படிக்கிற வயது.

"ஐஸ்காரண்ணா, என்ன ஐஸ் இருக்குது?"

சேமியா ஐஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் ஐஸ்காரன் இல்லை என்று உண்மையைக்கூடச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"காது ஐஸ் இருக்குது சாமி."

"காது ஐஸா?"

"ஆமா. பேச்சுக் கேக்காத புள்ளைங்க காத அறுத்து ஐஸ்ல வெச்சிருக்கறன். உனக்குப் பேச்சுக் கேக்குமா, கேக்காதா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் நகைச்சுவைக்கு உண்மையாகச் சிரித்த கடைசி ஆள் அன்றைக்கு அவள்தான். பிறகு, நான் கடைப் பக்கம் திரும்பி ஐஸை வாங்குவதற்குள், மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

நான் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் ஏதோ கறி என்று நினைத்திருப்பாள். சொல்லி வைத்த பிறகு பார்த்தவள் கண்ணுக்குக் காதாகத்தான் தெரியும். அதிலும் காதாகவே இருக்கும்போது. சிவப்பும் வெள்ளையுமாக, மயிர் கத்தரித்து, மழமழவென்று.

"அம்மா! காது! காதும்மா!"

அந்தக் கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கடைக்காரம்மா வந்து எட்டிப் பார்த்தார். கையிலிருந்த ஐஸ் உடைக்கும் கட்டையை என் நெற்றியில் போட்டார். விசாரணை அதற்குப் பிறகுதான்.

புத்தியுள்ளவன் நின்று, "பன்னிக் காதுங்கக்கா, கல்லூரிக்கு" என்று சொல்லியிருப்பான். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினேன். வண்டியை விட்டுவிட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, ஒரு செருப்பையும் விட்டுவிட்டு, காதுகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஓடினேன். ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். "தோல் வெயில்ல படக் கூடாதுங்கண்ணா" என்று அந்த மாணவி காலையில் சொல்லியனுப்பியிருந்தாள். பயத்தில் மூளை சுருங்கும்போது கடைசியாகக் கேட்ட கட்டளை மட்டும் வெளியே வரும் போலிருக்கிறது.

ஓடும்போது தறிச் சத்தம் நின்றது. விசைத்தறி ஓடுகிற ஊரில் அந்தச் சத்தம் நிற்கிறதென்றால் ஒன்று கரண்டு போயிருக்க வேண்டும், இல்லை எழவு விழுந்திருக்க வேண்டும். கரண்டு இருந்தது.

முதல் அடி முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. பச்சைத் தென்னை மட்டை. விழுந்தவன் மேல் பெட்டி விழுந்து உடைந்தது. காதுகள் தார் ரோட்டில் சிதறின. கத்தியும் இடுக்கியும் அவற்றுக்கு நடுவில், யாரோ எடுத்து அடுக்கி வைத்ததுபோல. அதைப் பார்த்ததும் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன்னால் அவர்கள் கோபமாக இருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி நான் வெளியூர்க்காரர்களிடம் பெருமையடிப்பதுண்டு. அன்று அதை அடிவாங்கிக்கொண்டே கவனித்தேன். "ஏனுங்க, கொஞ்சம் தள்ளுங்க, நானும் ஒண்ணு வெச்சுக்கறனுங்க" என்று ஒருவர் கேட்க, "வாங்க வாங்க" என்று இன்னொருவர் இடம்விட்டார். பெல்ட்டைக் கழற்றிய ஓர் இளைஞன், முன்னால் நின்ற பெரியவர் மேல் பட்டுவிடப் போகிறதென்று, "மாமா, பாத்துங்க" என்று எச்சரித்துவிட்டு வீசினான். பக்கிள் என் காதுமடலைக் கிழித்தது. நான் மட்டும் சும்மாவா? "அடிக்காதீங்க, அடிக்காதீங்க" என்று ஒவ்வோர் அடிக்கும் தவறாமல் மரியாதை கொடுத்தேன்.

விலாவில் ஒரு உதை விழுந்து உள்ளே ஏதோ முறிந்தது. மூச்சை இழுத்தால் அந்த இடத்தில் யாரோ கத்தியைத் திருப்புவதுபோல இருந்தது. வாயில் ரத்தம் நிறைந்தது. ஒரு பல் நாக்கின் மேல் ஆடியது. மட்டைக்காரர் மறுபடி ஓங்கி அடித்ததில் இடது காறையெலும்பு போயிற்று. அவர் நல்ல வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், ஊரில் நாலு பேர் பேச்சைக் கேட்கிற தோரணை. அவருடைய மட்டை இறங்கும் ஒவ்வொரு தடவையும் மற்றவர்களுக்கு உற்சாகம் ஏறியது.

"நிறுத்துங்க! கேப்போம்!" என்று அவர்தான் கையைத் தூக்கினார். குப்பி உடையாமல் உருண்டு கிடந்தது. அதை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இதென்றா?"

"மருந்துங்க."

"என்ன மருந்து?"

"தோல் வழியாப் போற மருந்துங்க. ஊசி வேண்டாம், முழுங்க வேண்டாமுங்க. தடவுனாப் போதும்."

"தடவுனா?"

"உள்ள போயிருமுங்க."

"உள்ள போனா?"

"வலியே தெரியாதுங்க."

மட்டைக்காரர் குப்பியை ஆட்டுவதை நிறுத்தினார். நான் நிலைமை சீராகிறது என்று நினைத்தேன்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் மட்டைக்காரர் கூட்டத்தைப் பார்த்து. "புள்ளைங்களுக்கு இதத் தடவி, வலி தெரியாம அறுத்திருக்கறான்."

அடுத்த சுற்று ஆரம்பித்தது. அதற்கு நடுவில்தான் நான் அந்த மகத்தான யோசனையைச் செய்தேன். செய்து காட்டினால் புரிந்துகொள்வார்கள்! எத்தனை விருந்தாளிகள் கைதட்டியிருக்கிறார்கள்! "பாருங்க, பாருங்க" என்று கத்திக் குப்பியைப் பிடுங்கி இரண்டு கைக்குள்ளும் பொத்தினேன். அது ஐஸ் தண்ணீரில் கிடந்ததால் இன்னும் தெளிவாகவே இருந்தது. என் கைச் சூட்டுக்கும், மேலே அடித்த வெயிலுக்கும், கையை விரித்தபோது குப்பி முழுக்கப் பால். பழக்கதோஷத்தில் ஒரு ஊது வேறு ஊதினேன்.

"ஐயோ! ஊதி மாத்திட்டானே! மாந்திரீகம்டீ!" என்று ஒரு பெண்குரல் வீறிட்டது. அடுத்த நொடி குப்பி என் மண்டையில் உடைந்தது. பாலாகிப் போன ஜெல் என் முகத்தில் வழிந்து, தார் ரோட்டில் சொட்டி, சொட்டிய இடத்திலேயே பாலாடை மாதிரி காய்ந்தது. அதற்குள் இருந்த மருந்தெல்லாம் அந்த ஊர் ரோட்டுக்கு இறங்கிவிட்டது. ரோட்டுக்கு எங்கே வலித்ததோ தெரியாது.

இன்னொரு யோசனையும் செய்தேன். அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "பன்னிக் காதுங்க இது! பன்னி! பாருங்க!" என்று ஒரு காதை எடுத்துக் கடித்துவிட்டேன். பன்றிக்கறியை மனிதன் தின்பான், மனிதக் காதைத் தின்ன மாட்டான், ஆகவே நான் தின்றால் அது பன்றி. அந்த நேரத்தில் இது அசைக்க முடியாத தர்க்கமாகத் தோன்றியது. பச்சைத் தோல் செருப்பு மாதிரி இருந்தது. ஆடிக்கொண்டிருந்த பல் காதிலேயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. ரத்த வாயோடு காதைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் நின்ற ஒரு பெண் மயங்கி விழுந்தாள்.

அதற்கப்புறம் என்னோடு யாரும் பேசவில்லை. டீக்கடைக்கு எதிரில் இழுத்துவந்து மின்கம்பத்தில் சாய்த்து, தறியில் கிடந்த கயிற்றைக் கொண்டுவந்து கட்டினார்கள். என் வண்டியையே சாய்த்து, டியூபைப் பிடுங்கி, தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்தார்கள். பெல்ட்டுக்கார இளைஞன் அதை என் தலையில் ஊற்றினான். போலீசுக்குச் சொல்லலாம் என்று எங்கோ ஒரு குரல் கேட்டது. போலீசு வந்தால் விட்டுவிடுவார்கள் என்று அதற்குப் பத்துக் குரல்கள் பதில் சொல்லின.

பெட்ரோல் பட்ட உடம்பு வெயிலில் ஆவியாகிச் சில்லென்று ஆனது. இந்தக் குளிர்ச்சியில் ஜெல்லைத் தடவினால் மருந்து இறங்காதே என்று எனக்குத் தோன்றியது. சாகப் போகிறவனுக்கு மனைவி மக்கள் முகம் தெரியும் என்கிறார்கள். எனக்கு முப்பத்திரண்டு டிகிரி தெரிந்தது. மனைவி முகம் அதற்கப்புறம்தான் வந்தது. அதுவும் "நீ என்ன பேசினே?" என்று கேட்கிற முகம். கால்சட்டை நனைந்திருந்தது. அது பெட்ரோல் இல்லை.

ஒருவர் தீப்பெட்டியைத் தேடினார். அப்போது கடைக்காரம்மா குறுக்கே வந்தார். என்னை முதலில் அடித்த அதே அம்மா. கையில் இடுக்கி, இடுக்கியில் ஒரு காது.

"இருங்கடா. மனுசனக் கொளுத்தறதுன்னா வெளையாட்டா? அவன் பன்னிங்கறான், நீங்க புள்ளைங்கறீங்க. அடுப்புல போட்டாத் தெரிஞ்சிட்டுப் போவுது."

"எப்பிடித் தெரியுமுங்கக்கா?"

"வாசந்தான். புள்ளையா இருந்தா சுடுகாட்டு வாசம் வரும். எங்கப்பனுக்கு நாந்தேன் கூட நின்னு பாத்தன், எனக்குத் தெரியாதா? பன்னியா இருந்தா வேற வாசம். பன்னி வாசம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

டீக்கடை அடுப்பு எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்திருக்கும். பெட்ரோலில் நனைந்தவன் அருகில் அடுப்பெரிப்பதைப் பற்றி நான் ஓர் ஆட்சேபம் தெரிவித்தேன். பல் போய் வாய் வீங்கியிருந்ததால் யாருக்கும் விளங்கவில்லை. அவர் காதை நேரே நெருப்பில் காட்டினார். முதலில் மிச்சமிருந்த மயிர் கருகும் நாற்றம். பிறகு தோல் சுருண்டது, கொப்பளித்தது, கொழுப்பு சொட்டி நெருப்பு சீறியது. புகை கூட்டத்தின் மேல் மெதுவாகப் படிந்தது. கனமான, இனிப்பான, எச்சில் ஊறவைக்கிற வாசம்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்கள் வெண்பன்றிக் கறி தின்பார்கள். ஆனால் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். யாராவது ஒருவருடைய தோட்டத்தில், கிணற்றுமேட்டில், தனிச் சட்டியில் ஆக்கி, தின்று, சட்டியை உடைத்துப் போட்டு, மோட்டார்த் தண்ணீரில் குளித்துவிட்டு, தலைவாரிக்கொண்டு வீடு போவார்கள். வீட்டில் கேட்டால் பங்காளி வீட்டு விசேஷம், ஆட்டுக்கறி. சில வீடுகளில் தெரிந்தால் ஒரு வாரத்துக்கு அடுப்பு எரியாது. இது எல்லா ஆணும் காக்கிற ரகசியம்.

நான் கம்பத்தில் தொங்கிக்கொண்டு அந்த முகங்களைப் பார்த்தேன். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஒருவர் தொண்டை எச்சில் விழுங்கி ஏறி இறங்கியது. பெல்ட்டுக்கார இளைஞன் மூக்கைத் தூக்கினான், உடனே இறக்கிக்கொண்டான். மட்டைக்காரர் தரையைப் பார்த்தார். அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அத்தனை பேருடைய சம்சாரமும் அங்கே நின்றிருந்தார்கள்.

"யாருக்குமே தெரியலியா?" என்றார் கடைக்காரம்மா.



"ஆட்டு வாசமாட்டம் இல்லீங்க" என்றார் ஒருவர், தன் மாட்டைப் பற்றிப் பேசுகிறவர் போல எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"அது எங்களுக்கும் தெரியுது. பன்னியா, இல்லையா?"

"அதெப்பிடிங்கக்கா நாங்க சொல்றது? பழக்கமில்லாதவங்க நாங்க."

தீப்பெட்டியைத் தேடியவருக்கு அது கிடைத்துவிட்டது. மடியில்தான் இருந்திருக்கிறது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மட்டைக்காரரைப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் மட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். உதடு கொஞ்சம் அசைந்தது. ஒரு வார்த்தை. "பன்னிதான்" என்கிற ஒரே ஒரு வார்த்தை அந்த உதட்டுக்குப் பின்னால் நிற்கிறது, என் உயிரும் அதோடு நிற்கிறது. நான் கையெடுத்துக் கும்பிட நினைத்தேன். கை கட்டப்பட்டிருந்தது. தலையால் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர் போலத் திரும்பி, "நமக்கென்னங்க தெரியும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அழுகையும் விக்கலும் சேர்ந்தால் என்னிடம் அப்படி ஒரு சத்தம் வரும். கூட்டத்துக்கு அது மந்திரவாதியின் சிரிப்பாகப் பட்டிருக்க வேண்டும். ஒரு கல் வந்து புருவத்தில் விழுந்தது. தீக்குச்சி ஒரு தடவை உரசி அணைந்தது.

அப்போது மட்டைக்காரருக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா மூக்கை உறிஞ்சினார். ஒரு தடவை. இன்னொரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு. அவருடைய சம்சாரம்.

"ஏனுங்க."

"என்ன?"

"போன ஆடி நோம்பிக்கு அடுத்த நாளு, தோட்டத்துல தண்ணி கட்டப் போறன்னு போய்ட்டு வந்தீங்கல்ல? உங்க சட்டையில இதே வாசந்தானுங்களே அடிச்சுது?"

அவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்.

"மோட்டாருக்குப் போட்ட ஆயில் கருகிப் போச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"அட, ஊட்டுக்குப் போ மொதல்ல. இங்க வந்து…"

"என்ற கையால அந்தச் சட்டைய மூணு தண்ணில அலசினனுங்க. ஊட்டுக்குள்ள வெச்சுத்தானுங்க அலசினன். சாமி கும்பிடற ஊடு."

சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்கள். "ஏனுங்க, நீங்களும் அன்னைக்கு அவரு கூடத்தானே போனீங்க?" என்று இடதுபக்கம் ஒரு குரல். "மாமா, அந்த நல்லெண்ணெய் நாத்தம்னு சொன்னது?" என்று வலதுபக்கம் ஒன்று. தீப்பெட்டி மடிக்குள் திரும்பிப் போயிற்று. யாரும் "பன்னி" என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த அம்மா புருஷன் கையிலிருந்த தென்னை மட்டையை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். அவரும் கொடுத்துவிட்டார். பிறகு முதல் அடி அவருடைய தோளில் விழுந்தது. பச்சை மட்டை சதையில் விழும் சத்தத்தை வெளியிலிருந்து நான் அப்போதுதான் கேட்டேன். சந்தனம் அழிந்து, வேட்டி அவிழ்ந்து, அவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். "ஒரு உசுரு போவப் பாத்துதே, வாயத் தொறந்தீங்களா? வாயத் தொறந்தீங்களா?" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டார் அந்த அம்மா. மற்ற ஆண்கள் தடுக்கவில்லை. தடுக்கப் போனால் தங்கள் முறை சீக்கிரம் வந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். நான் கட்டுண்டபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் பார்த்தேன், அதில் பொய் சொல்ல மாட்டேன்.

கடைக்காரம்மா அரிவாள்மணையைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தார். என் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பெட்ரோலைக் கழுவினார். "புள்ளகிட்டப் பேசற பேச்சாடா அது?" என்று கேட்டுவிட்டு, கன்னத்தில் ஓர் அறையும் கொடுத்தார். அது நியாயமான அறை. எஞ்சிய காதுகளை நாய்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டன.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். என் வண்டியில் டியூப் இல்லை, சொட்டுப் பெட்ரோலும் இல்லை. ஆண்கள் ஒவ்வொருவராகத் தறிக்குள் நழுவிவிட்டார்கள். மட்டைக்காரர்தான் தன் வண்டியைக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் போக முடியாத நிலையில் இருந்தவர்களில் அவர்தான் முதல் ஆள். என்னைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு துண்டால் என்னையும் தன்னையும் சேர்த்து இடுப்பில் கட்டினார். எனக்கு அவரைத் தொடவே உடம்பு கூசியது. ஆனால் நேராக உட்கார முதுகு இல்லை. அவர் முதுகில்தான் சாய்ந்திருந்தேன். அவருடைய சட்டையும் கிழிந்து, தோலில் மட்டையின் தழும்பு பட்டை பட்டையாக எழும்பியிருந்தது. சூடாக இருந்தது. நாற்பது டிகிரி இருக்கும்.

ஊர் எல்லையைத் தாண்டினோம். பிறகு அவரே பேசினார், திரும்பாமல்.

"நெம்ப வலிக்குதுங்களா?"

"இல்லீங்க, இதமா இருக்குதுங்க."

அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்குப் பொட்டி ஒடஞ்சு ரோட்டுல விழுந்தப்பவே தெரியுமுங்க" என்றார். "அடுப்புல போடறதுக்கெல்லாம் முந்தியே. பாத்ததுமே தெரிஞ்சுது, பன்னிக் காதுன்னு."

விலாவின் வலியை மறந்து நான் நிமிர்ந்தேன். "அப்புறம் ஏனுங்க அடிச்சீங்க?"

"அல்லாரும் அடிக்கறாங்க. நான் மட்டும் அடிக்காம நின்னா, இவருக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு கேப்பாங்கல்லங்க?"

சொல்லிவிட்டு, அதில் விளக்க மேற்கொண்டு ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு லாரியை முந்தினார். எனக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. என் காறையெலும்பை உடைத்த அந்த அடியின்போது இவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் மட்டையை ஓங்கினார். "கேப்போம்" என்று கையைத் தூக்கி என்னிடம் கேள்வி கேட்டபோதும் தெரிந்திருந்தது. அவர் இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன். துண்டின் முடிச்சையும் தடவிப் பார்த்தேன், அவிழ்க்க வருமா என்று.

"புடிச்சுக்குங்க, ஸ்பீடு பிரேக்கர் வருது" என்றார்.

வண்டி தூக்கிப்போட்டது. கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வலி வெடித்தது. வேறு வழியில்லை. இரண்டு கையாலும் அவரையே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.